கப்பல்ல ஏற வயசு பத்தலை மக்கா!

ஆதார் கார்டுல இருக்கிற உங்க பிறந்த தேதியை என்னிக்காவது முறைச்சுப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்தேன். கோவா, பனாஜி, மாண்டவி ஆத்தங்கரை, சாயங்காலம் ஏழு மணி. கேசினோ கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுன்ட்டர்ல இருந்தவர் என் கார்டை வாங்கினார், பார்த்தார், ஒரு சிரிப்போட திருப்பிக் கொடுத்தார். "ட்வென்ட்டி ஒன்... ட்வென்ட்டி ஒன்" என்று ரெண்டு தடவை சொன்னார். எனக்கு இருபது. இன்னும் நாலு மாசம் பாக்கி. ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், அரியர்கூட வைக்கலாம். கேசினோ கப்பலுக்குள்ள மட்டும் கால் வைக்க முடியாது!

எனக்குப் பின்னாடி நின்ன மெக்குக்கும் அதே கதி. சிவில் மட்டும் பாஸ். (பேரெல்லாம் கேட்காதீங்க. எங்க ஹாஸ்டல்ல டிபார்ட்மென்ட்தான் பேரு. நான் இசிஇ.) பத்தாவது படிக்கும்போது மஞ்சக்காமாலை வந்து ஒரு வருஷம் போச்சேன்னு இத்தனை நாளா புலம்பிட்டு இருந்தவன், அன்னிக்குத்தான் முதல் தடவையா மஞ்சக்காமாலைக்கு நன்றி சொன்னான். பர்ஸ்ல 12,000 ரூபாய். ஆட்டோகேட் திறந்தாலே மூச்சு வாங்குற அவன் பழைய லேப்டாப்பை மாத்துறதுக்காக, கல்யாண வீடுகள்ல கேட்டரிங் பண்ணிச் சேர்த்த காசு. "ரெண்டு மணி நேரம்லே. டபுள் பண்ணிட்டு வந்துடுவேன்" என்று கையாட்டிட்டு சின்னப் படகுல ஏறிட்டான். அது அவனைக் கொண்டுபோய் நடு ஆத்துல நிக்கிற கப்பல்ல சேர்த்தது.

அந்தக் கப்பல்களைப் பத்தி சொல்லியே ஆகணும். ஆத்துக்கு நடுவுல வரிசையா நிக்குது. சிவப்பு, நீலம், ஊதான்னு சித்திரைத் திருவிழா சீரியல் செட் மாதிரி லைட்டு. அந்த வெளிச்சம் தண்ணியில விழுந்து நெளியுது. கரையில பார்த்தா நேர் எதிர். நானூறு வருஷத்துக்கு முந்தின பழைய தலைமைச் செயலகக் கட்டடம், ஓட்டுக் கூரை, அமைதி. போர்ச்சுக்கீசியர்களுக்கும் முன்னாடி அது ஆதில் ஷாவோட அரண்மனை. ஒரே இடத்துல நின்னு இந்தப் பக்கம் திரும்பினா பழைய காலம், அந்தப் பக்கம் திரும்பினா பத்து ஸ்பீக்கர்!

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கோவாவுல சூதாட்டத்துக்குத் தனிச் சட்டம் 1976-லேர்ந்தே உண்டு. பின்னாடி அதைத் திருத்தித்தான் நட்சத்திர ஹோட்டல்கள்ல மெஷினுக்கும், தண்ணியில மிதக்கிற கப்பல்கள்ல மேசை ஆட்டத்துக்கும் அனுமதி கொடுத்தாங்க. 2020 பிப்ரவரியிலேர்ந்து சொந்த ஊர்க்காரங்களான கோவாக்காரங்க உள்ளே போய் ஆடக் கூடாதுன்னு தடை. ஆக, ஊர் ஆத்துல கப்பல் நிக்கும், ஊர்க்காரன் ஏற முடியாது, திருநெல்வேலியிலேர்ந்து ஒரு ராத்திரியும் பகலும் ஸ்லீப்பர் கோச்ல உட்கார்ந்து வந்த சிவில் ஏறலாம். சமைச்சவங்களே சாப்பிடாத சாப்பாடு மாதிரி இருக்குல்ல?

இப்போ நாங்க ஏன் கோவா வந்தோம்கிற கதை. எங்க காலேஜ்ல ரெண்டு செட் முன்னாடி படிச்ச சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு வெர்னாவுல வேலை. ரூம் மட்டும் மாண்டவிக்கு அந்தக் கரையில, பெதிம்ல. "வாங்கலே, தங்க காசு வேண்டாம், சோறு மட்டும் உங்க செலவு"ன்னு கூப்பிட்டார். நெல்லையில ஏறினோம். கேரளாவை முழுசா தாண்டி, மங்களூரை விட்டுக் கொங்கண் பாதையில நுழைஞ்சதும் மழை. ஹொன்னாவர் பக்கத்துல ஷராவதி ஆத்துப் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல. நீங்க எப்பவாவது அந்தப் பக்கம் போனா அந்த நேரத்துல மட்டும் தூங்கிடாதீங்க. நாங்க தூங்கலை. ஆனா பாலத்தையும் பார்க்கலை. அப்பர் பெர்த்ல சிவில் போன்ல போக்கர் வீடியோ போட்டுட்டு இருந்தான், நாங்க மூணு பேரும் தலையை உள்ளே விட்டு அதைப் பார்த்துட்டு இருந்தோம்.

நான் பார்த்தேன்னு சொல்றதைவிட, பார்க்காத மாதிரி நடிச்சேன்னு சொல்லணும். அதுக்குக் காரணம் இருக்கு. அப்புறம் வர்றேன்.

கப்பல்ல ஏற முடியாத எங்க ரெண்டு பேரையும் பார்த்து, வேலை முடிஞ்சு வந்திருந்த சீனியர் சிரிச்சார். "ரொம்ப நல்லதாப் போச்சு. கப்பல்ல போய்க் கத்துக்கிட்டா ஃபீஸ் ஜாஸ்தி. இங்கே உட்காருங்க, கடலைக்குக் கத்துத் தர்றேன்." நிஜமாவே கடலைதான்! ரெண்டு பெரிய பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்கினார், ஆளுக்கு நூறு எண்ணி வச்சார். பையிலேர்ந்து சீட்டுக்கட்டை எடுத்தார். நாங்க உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துலதான் அபே ஃபாரியா சிலை. ஹிப்னாடிசத்துக்கு முன்னோடின்னு உலகம் சொல்ற கோவா பாதிரியார், 1819-ல இறந்தவர். சிலையில ஒரு பெண் மயங்கிச் சாயுறாங்க, அவர் ரெண்டு கையையும் அவங்க மேல நீட்டிட்டு நிக்கிறார். "பிளஃப் பத்திப் பேச இதைவிட நல்ல இடம் இந்தியாவுல கிடையாது"ன்னார் சீனியர். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருத்தர் நின்னு எட்டிப் பார்த்தார். கடலையைப் பார்த்ததும் போய்ட்டார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். வீட்டுல ரம்மி ஆடியிருப்பீங்க, கழுதை ஆடியிருப்பீங்க. போக்கர்ல எல்லாரும் ஆடுற வகைக்குப் பேரு டெக்சாஸ் ஹோல்டெம். சீட்டுப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கட்டாயமா மொய் வைக்கணும், ஒருத்தர் சின்ன மொய், அடுத்தவர் பெரிய மொய். அதுக்குப் பேரு பிளைண்ட். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது அடுத்தடுத்த ஆளுக்கு நகரும், அதனால யாரும் தப்பிக்க முடியாது. உங்களுக்குக் கவுத்துப் போட்ட ரெண்டு சீட்டு. அது உங்க ரகசியம். அப்புறம் நடுவுல பொதுவா மூணு சீட்டைத் திறப்பாங்க, ஃபிளாப். அடுத்து ஒண்ணு, டர்ன். கடைசியா ஒண்ணு, ரிவர். (ஆமா, நாங்க ரிவர் ஓரத்துல உட்கார்ந்து ரிவருக்காக காத்துட்டு இருந்தோம். மெக் இந்த ஜோக்கை அன்னிக்கு மட்டும் பதினோரு தடவை சொன்னான்.) உங்க ரெண்டு, பொது அஞ்சு, ஆக ஏழு. அதுல சிறந்த அஞ்சு எதுவோ அதுதான் உங்க கை.

ஒவ்வொரு கட்டத்துலயும் பந்தயம். காசு போடாம தாண்டலாம், அடுத்தவர் போட்டதுக்குச் சமமா போடலாம், ஏத்திப் போடலாம், இல்லேன்னா சீட்டைக் கவுத்து வச்சுட்டு ஒதுங்கலாம். ரம்மியில டிராப் இருக்கே, அதேதான் இந்த ஃபோல்ட்.

எது பெரிய கைன்னு மனப்பாடம் பண்ண மெக் தடுமாறினான். "வரிசையா அஞ்சு சீட்டு சேர்க்கிறதுதானே கஷ்டம்? ஏன் ஒரே சின்னத்துல அஞ்சு வந்தா அது பெருசு?" சீனியர் போன்ல கால்குலேட்டரைத் திறந்தார். 52 சீட்டுலேர்ந்து அஞ்சை 25,98,960 விதமா எடுக்கலாம். அதுல வரிசை, அதாவது ஸ்ட்ரெய்ட், 10,200. ஒரே சின்னம், ஃபிளஷ், 5,108. மூணும் ரெண்டுமா சேர்ற ஃபுல் ஹவுஸ் 3,744. நாலு ராஜா, நாலு ராணி மாதிரி நாலும் ஒண்ணா வர்றது 624. ராயல் ஃபிளஷ் வெறும் நாலே நாலு. எது அபூர்வமோ அது பெருசு, அவ்வளவுதான். யாரோ ராஜா உட்கார்ந்து எழுதின சட்டம் இல்லை, எண்ணிப் பார்த்து வச்ச வரிசை. பிராபபிலிட்டி பேப்பர்ல நான் 52 மார்க் வாங்கினவன். (52! அப்பவே சீட்டுக்கட்டு கூப்பிட்டிருக்கு.) அந்த வாத்தியார் இப்படி ஒரு தடவை சொல்லியிருந்தா எழுபது வாங்கியிருப்பேன்.

அடுத்து சீனியர் சொன்னது எங்களுக்குப் பிடிக்கவே இல்லை. "வர்ற கையில முக்காவாசியைக் கீழே போடு." என்னண்ணே, ஆட வந்துட்டு ஆடாம இருக்கச் சொல்றீங்கன்னு கேட்டோம். கையில ஜோடி வர்றதே 17 தடவைக்கு ஒரு தடவை. ரெண்டு ஏஸ் 221 தடவைக்கு ஒரு தடவை. மத்த நேரமெல்லாம் குப்பைதான். சின்னம் சேராத ஏழும் ரெண்டும்தான் இருக்கிறதுலயே மோசமான கை. அந்த ராத்திரி எனக்கு அது மூணு தடவை வந்தது, மூணு தடவையும் ஆடினேன். "தருமருக்குப் பகடை ஆடத் தெரியாதுங்கிறது பெரிய குறை இல்லலே. ஃபோல்ட் பண்ணத் தெரியாததுதான் குறை"ன்னார். கடலை குறைஞ்சுட்டே வந்தது. மெக் தன் சிப்ஸைத் தானே தின்னுட்டு இருந்ததால என்னைவிட சீக்கிரம் திவால்.

உட்காருற இடமும் முக்கியமாம். கடைசியா பேசுறவனுக்கு லாபம். இதை நான் உடனே பிடிச்சுக்கிட்டேன். வைவாவுக்கு ரோல் நம்பர்ல முதல் ஆளா போறவன் பாவம், கண்ணைக் கட்டிட்டுப் போறான். கடைசி ஆளுக்கு எக்ஸ்டர்னல் என்ன கேட்கிறார், எதுக்குச் சிரிக்கிறார், எதுக்குக் கத்துறார்னு எல்லாம் தெரிஞ்சிருக்கும். அதேதான்.

இப்போ ஒரு கையைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா அந்த ஒரு கைதான் என்னை அன்னிக்குத் தூங்க விடலை.

எனக்கு வந்தது ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு. மூணு பேரும் பத்துப் பத்துக் கடலை போட்டிருக்கோம், நடுவுல முப்பது. ஃபிளாப் திறந்தார். ஆட்டின் ராஜா, ஆட்டின் நாலு, கிளாவர் ரெண்டு. என்கிட்ட நாலு ஆட்டின் ஆச்சு! இன்னும் ஒண்ணு வந்தா ஃபிளஷ். சீனியர் முப்பது கடலையைத் தள்ளினார். மெக் கவுத்துட்டான். என் முறை.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? கொஞ்சம் யோசிங்க. மொத்தம் 13 ஆட்டின். நாலு கண்ணுல தெரியுது, மீதி ஒன்பது. நான் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டு ஆட்டினா இருக்க வாய்ப்பு 47-க்கு 9, அதாவது 19 சதவீதம். மனக்கணக்கா போடணும்னா, வர வேண்டிய சீட்டு எத்தனையோ அதை ரெண்டால பெருக்கினா ஏறக்குறைய ஒரு சீட்டுக்கான சதவீதம் கிடைக்கும். ரெண்டு சீட்டும் சேர்த்துப் பார்க்கப் போறோம்னா நாலால பெருக்கணும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் விலை. நடுவுல முப்பது, சீனியர் போட்டது முப்பது, மொத்தம் அறுபது இருக்கு. நான் போட வேண்டியது முப்பது. போட்டா தொண்ணூறு ஆகும், அதுல என் பங்கு மூணுல ஒண்ணு. அப்போ மூணு தடவைக்கு ஒரு தடவையாவது ஜெயிச்சாத்தான் எனக்குக் கட்டுப்படியாகும். எனக்கு இருக்கிறதோ அஞ்சு தடவைக்கு ஒண்ணு. விலை ஜாஸ்தி. அவர் முப்பதுக்குப் பதிலா அஞ்சு கடலை போட்டிருந்தா? நான் போட வேண்டியது நாப்பதுல அஞ்சு, எட்டுல ஒண்ணு. கண்ணை மூடிட்டு ஆடலாம். ஒரே சீட்டுதான், விலைதான் வேற. தக்காளி நல்லாயிருக்கான்னு மட்டும் பார்த்தா போதுமா, கிலோ என்னன்னு கேட்க வேண்டாமா?

இந்தக் கணக்கெல்லாம் அவர் அப்புறம் சொன்னது. அந்த நிமிஷத்துல எனக்கு நாலு ஆட்டின் மட்டும்தான் தெரிஞ்சது. முப்பதையும் தள்ளினேன். டர்ன்ல வந்தது ஆட்டின் ராணி! குதிச்சேன். மீதி இருந்ததையும் தள்ளினேன். சீனியர் தன் ராஜா ஜோடியைக் காட்டிச் சிரிச்சபடியே கவுத்தார். அத்தனை கடலையும் எனக்கு. பக்கத்துல நடந்து போன வடநாட்டுக் குடும்பமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

சீனியர் சீட்டை அடுக்கிட்டே சொன்னார். "தப்பா ஆடி ஜெயிச்சிருக்கே. தப்பா ஆடித் தோக்கிறவன் அன்னிக்கே திருந்திடுவான். தப்பா ஆடி ஜெயிச்சவன்தான் ரொம்ப நாள் கழிச்சுத் திருந்துவான்." நான் விடலை. "ஃபிளஷ் வந்த பிறகு உங்ககிட்ட இன்னும் கறந்திருப்பேனே, அப்போ கணக்கு மாறாதா?"ன்னு மடக்கினேன். "மாறும். நல்ல கேள்வி. ஆனா மூணு ஆட்டின் மேசையில தெரிஞ்ச பிறகு எவன் உனக்குக் கொடுப்பான்? நான் கொடுத்தேனா?"

எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா எனக்கு இது தெரியும். இப்போ, அப்புறம் வர்றேன்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன்.

ரெண்டாவது வருஷம், 2024 தீபாவளி சமயம். போன்ல ஒரு போக்கர் ஆப். முதல் வாரம் 2,300 ரூபாய் ஜெயிச்சேன். போக்கரே தெரியாம! எந்தக் கைக்கு எது பெருசுன்னுகூட ஆப்தான் சொல்லணும். எனக்கு ஏதோ வரம் இருக்குன்னு நினைச்சேன். மூணாவது வாரம் 18,400 ரூபாய் போச்சு. ஹாஸ்டல் மெஸ் ஃபீஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம்ல நின்னுட்டு, போனதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போட்டேன். வீட்டுல "ப்ராஜெக்ட் ஃபீஸ் கேட்கிறாங்க"ன்னு சொன்னேன். எங்க அம்மா பீடி சுத்துறவங்க. அதுல மிச்சம் பிடிச்சு ஒரு ஏலச்சீட்டு கட்டிட்டு இருந்தாங்க, அம்பதாயிரம் சீட்டு. நாலு மாசம் பொறுத்திருந்தா முழுசா எடுத்திருக்கலாம். எனக்காக பத்தாயிரம் தள்ளி எடுத்தாங்க. அம்மா கட்டின சீட்டு, நான் ஆடின சீட்டுல போச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ஒரே ரூம்ல இருக்கிற மெக்குக்குக்கூடத் தெரியாது.

போக்கர் திறமை ஆட்டம்தான்னு வாதாடுறவங்க இருக்காங்க. 2022-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்துல, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியல்ல சேர்த்தது செல்லாதுன்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திறமை ஆட்டம்கிறது சரியாவே இருக்கட்டும். என்கிட்ட திறமை இல்லையே பாஸ்! எதிர்ல உட்கார்ந்திருந்தவனுக்கு இருந்திருக்கும். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசே சட்டம் போட்டு ஆன்லைன் காசு ஆட்டங்களை மொத்தமா தடை பண்ணினப்போ, ஹாஸ்டல்ல பாதிப் பேர் புலம்பினாங்க. நான் வாயைத் திறக்கலை.

கரைக்குத் திரும்புவோம். சிவில் போய் மூணு மணி நேரம் ஆச்சு. சீனியர் பிளஃப் பத்தி ஆரம்பிச்சார். முப்பது இருக்கிற இடத்துல வெத்துக் கையோட முப்பது போட்டு மிரட்டினா, ரெண்டுக்கு ஒரு தடவை எதிராளி பயந்தாலே நஷ்டம் இல்லை. ஆனா கதை ஒட்டணும். ராத்திரி பத்தரைக்கு வர்ற பையன் வார்டன்கிட்ட "லைப்ரரியில இருந்தேன் சார்"ன்னு சொல்றான், கையில பரோட்டா பார்சல். எவன் நம்புவான்? ஃபிளாப்ல பம்மிட்டு இருந்தவன் ரிவர்ல திடீர்னு கத்தினா அதுவும் பரோட்டா பார்சல்தான். பிளஃப் பண்ணாமலே ஆடினாலும் தோல்விதான், உன் கை எப்பவும் எல்லாருக்கும் தெரிஞ்சுடும். இதைக் கணக்காவே எழுதி வச்சிருக்காங்க. 1944-ல நியூமனும் மோர்கன்ஸ்டெர்னும் எழுதின கேம் தியரி புத்தகத்துல போக்கருக்குன்னே பக்கம் பக்கமா இருக்கு. 2017-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட லிப்ராட்டஸ்ங்கிற புரோகிராம் நாலு புரொஃபஷனல் ஆட்டக்காரங்களை 20 நாள், 1,20,000 கை ஆடி ஜெயிச்சது. முகத்தைப் பார்க்கத் தெரியாது, கண்ணு துடிக்கிறது தெரியாது. வெறும் கணக்கு, அதுலயே பிளஃப்! எங்களுக்கு சினிமா காட்டின போக்கர் வேற, கறுப்புக் கண்ணாடி, சுருட்டு...

மெக் கேட்டான், "அப்போ வேலையை விட்டுட்டு இதையே ஆடலாமாண்ணே? அமெரிக்காவுல யாரோ அக்கவுன்டன்ட் கோடி கோடியா ஜெயிச்சாராமே?" ஆமா, கிறிஸ் மணிமேக்கர். (நிஜப் பேரே அதுதான்!) 2003-ல லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில ஜெயிச்சு 25 லட்சம் டாலர் வாங்கினார். உலகம் முழுக்க ஆன்லைன் போக்கர் பைத்தியம் பிடிச்சதே அதுக்கப்புறம்தான். "அந்தப் போட்டியில மொத்தம் 839 பேர். மத்த 838 பேர்ல உனக்கு எத்தனை பேர் பேரு தெரியும்?"ன்னார் சீனியர். மெக் கடலையை மென்னுட்டே ஆத்தைப் பார்த்தான்.

சிவில் வந்தது ராத்திரி ஒரு மணிக்கு. படகுலேர்ந்து குதிச்சு இறங்கினான். முகமெல்லாம் வெளிச்சம். பாக்கெட்ல 15,700!

"போக்கர்லயாலே?"

இல்லையாம். போக்கர் மேசையில உட்காரவே குறைஞ்சது இவ்வளவு கொண்டு வரணும்னு கணக்கு இருக்கு. அது இவன் பாக்கெட்டைவிடப் பெருசு. நுழைவுக் கட்டணத்துக்கே சில ஆயிரம் போயிருந்தது. ஒரு மணி நேரம் நின்னு வேடிக்கை பார்த்துட்டு, பக்கத்து மேசைக்குப் போயிருக்கான். அங்கே ஓடினது அந்தர் பாஹர். நம்ம ஊர் மங்காத்தா, உள்ளே வெளியே! ரயில் முழுக்க போக்கர் படிச்சவன், ஆயிரக்கணக்குல செலவு பண்ணி, ஆத்துக்கு நடுவுல கப்பல் ஏறிப் போய் மங்காத்தா ஆடிட்டு வந்திருக்கான்.

சீனியர் பொறுமையா சொன்னார். போக்கர்ல எதிராளி இன்னொரு மனுஷன். கடை ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கும். மத்த மேசையில எதிராளியே கடைதான். ரூலட் சக்கரத்துல பூஜ்ஜியம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் மொத்தம் 37 கட்டம். ஜெயிச்சா 35 மடங்கு லாபம். எல்லாக் கட்டத்துலயும் நூறு நூறு வச்சா 3,700 போட்டு 3,600 திரும்ப வரும். எவ்வளவு மூளை இருந்தாலும் அந்த நூறு போனது போனதுதான். மங்காத்தாவுல கடை எவ்வளவு எடுக்குதுன்னுகூடக் கேட்காம உட்கார்ந்திருக்கேயேன்னார்.

"ஆனா ஜெயிச்சிட்டேன்ல?" என்றான் சிவில். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. ரயிலு ராத்திரிதானே."

கடைசி ஃபெர்ரி எப்பவோ போயிருந்தது. வாடகை ஸ்கூட்டர்ல மாண்டவிப் பாலம் வழியா பெதிம் போனோம். பின்னாடி உட்கார்ந்து சிவில் விசிலடிச்சுட்டே வந்தான். எனக்குத் தூக்கம் வரலை. அந்த விசில் எனக்குத் தெரியும். முதல் வாரம், 2,300 ரூபாய், அதே விசில்.

காலையில ஃபெர்ரி. பனாஜிக்கும் பெதிமுக்கும் நடுவுல ஓடுற அந்தப் படகுல நடந்து வர்றவங்களுக்குக் காசே கிடையாது. கோவாவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான். பீச்செல்லாம் அப்புறம். மீன் கூடை வச்சுட்டு ஒரு ஆச்சி, யூனிஃபார்ம்ல ஸ்கூல் பிள்ளைங்க, ஸ்கூட்டர்ல ஹெல்மெட்டைக் கழட்டாத ஆபீஸ்காரங்க. கேசினோ கப்பலுக்குப் பக்கத்துலயே போகுது. பகல்ல அந்தக் கப்பலைப் பார்க்கணுமே! லைட்டு இல்லை, பெயின்ட் உரிஞ்சிருக்கு, கொடியில யாரோ துண்டு காயப் போட்டிருக்காங்க. விடியக்காலையில மேக்கப் கலைச்ச கூத்துக்காரர் மாதிரி நின்னுட்டு இருந்தது.

சிவில் அதையே பார்த்துட்டு வந்தான். அப்போதான் அவன்கிட்ட சொன்னேன். 18,400, பாத்ரூம், ப்ராஜெக்ட் ஃபீஸ், அம்மா தள்ளி எடுத்த சீட்டு, எல்லாத்தையும். மெக் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தான், முதல் தடவையா ஜோக் அடிக்கலை.

சிவில் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "அம்மைகிட்ட சொல்லிட்டியாலே?"ன்னு கேட்டான்.

"இல்ல."

படகு பனாஜிக் கரையில முட்டி நின்னது. எல்லாரும் இறங்கினாங்க. கேசினோ கவுன்ட்டர் அங்கேயிருந்து அஞ்சு நிமிஷ நடை. சிவில் இறங்கலை. ஓரத்துப் பெஞ்சுல உட்கார்ந்து, "சீட்டைப் போடுலே"ன்னான். மிச்சக் கடலை பையில இருந்தது. படகு திரும்பி பெதிம் போச்சு, மறுபடி பனாஜி வந்தது, மறுபடி பெதிம். எத்தனை தடவைன்னு எண்ணலை. டிக்கெட்டே இல்லாத படகுல யாரும் எதுவும் கேட்கலை. எனக்குச் சின்னம் சேராத ஏழும் ரெண்டும் வந்தது. கவுத்து வச்சேன்.

சாயங்காலம் மட்காவ் ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்திருக்கும்போது அம்மாவுக்கு போன் போட்டேன். இந்தப் பத்திரிகையில என் பேர் வந்தா அவங்க நாலு காப்பி வாங்கி, பீடி சுத்துற அத்தனை அக்காமார்கிட்டயும் காட்டுவாங்க. பிரிண்ட்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லணுமில்ல?

"சீட்டுல விட்டேன்ம்மா"ன்னு ஆரம்பிச்சேன்.

"எந்தச் சீட்டுலே? நம்ம ஏலச்சீட்டா?"

விளக்க வேண்டியதாப் போச்சு. எல்லாம் சொல்லி முடிச்ச பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிளாட்பாரத்துல ரெண்டு அறிவிப்பு ஓடி முடிஞ்சது. அப்புறம் அம்மா கேட்டாங்க, "பதினெட்டாயிரத்து நானூறு சரி. நான் தள்ளுன பத்தாயிரத்தை யாருலே தருவா?"

ஆக மொத்தம் 28,400. மாசா மாசம் தர்றதா பேசியிருக்கோம். இந்தக் கட்டுரைக்கு வர்ற சன்மானம்தான் முதல் தவணை. எடிட்டர் சார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க!